இறங்கும் தூண்

கணக்கை முடித்ததும் தாளைத் திருப்பி மேசையின் மறுபக்கம் தள்ளுவது பாலசுந்தரியின் பழக்கம். அந்தப் பக்கத்தில் சக பொறியியலாளர் வல்லிபுரம் இருந்த காலத்தில் வந்தது. அவர் தாளை எடுத்து, அவளுடைய வழியைப் பார்க்காமல் தன் வழியில் முதலிலிருந்து போட்டுப் பார்ப்பார். விடை பொருந்தினால் கீழே கையெழுத்து வைப்பார். அவர் போட்ட கணக்கை இவள் அப்படிப் பார்ப்பாள். பாலமோ மதகோ, ஒருவர் கணக்கை இன்னொருவர் பார்க்காமல் வேலைக்கு அனுப்பக்கூடாது என்று பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருவருக்கும் படிப்பித்திருந்தார்கள்.

தொண்ணூற்றிரண்டில் வல்லிபுரம் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு யாரும் வரவில்லை. மட்டக்களப்புக்கு மாற்றம் வந்தவர்கள் வந்து சேர்வதற்கு முன்பே வேறு மாற்றம் வாங்கிக்கொண்டார்கள். தொண்ணூற்றாறாம் ஆண்டு தை மாதம், புளியந்தீவில் பாலங்களையும் மதகுகளையும் பார்க்கும் அந்தச் சிறிய கந்தோரில் அவள் ஒருத்திதான் பொறியியலாளர். தள்ளிய தாள் மேசையின் மறுபக்கம் அப்படியே கிடக்கும். பிறகு அவளே எழுந்து சுற்றிப் போய் எடுத்துக்கொள்வாள்.

வீட்டிலும் அவள் ஒருத்திதான். கல்லடியில் அப்பா கட்டிய வீடு. அப்பாவும் அம்மாவும் இல்லை, தங்கை லண்டனில். நான்கு அறைகளில் மூன்றைப் பூட்டி வைத்திருந்தாள். மீன்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "ஒராளுக்கு எப்பிடி மிஸ் மீன் வெட்டுற?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். அவளும் ஒவ்வொரு முறையும் சிரிப்பாள்.

அந்த மாதம்தான் நாவல்முனைப் பாலத்தின் வேலை அவளிடம் வந்தது.

நாவல்முனை வாவியின் ஒரு கிளைக்கு அப்பால் இருக்கும் ஊர். ஊரையும் அதன் வயல்வட்டையையும் பெருந்தெருவோடு சேர்ப்பது ஒரு கொங்கிரீட் பாலம். நடுவில் இரண்டு தூண்கள். அவற்றின் மேல் ஒரே நீளமாக ஓடும் தளம். முந்தைய ஆண்டு ஊர்ப்பக்கத் தூணின் அடியில் ஒரு வெடி வெடித்தது. யார் வைத்தது என்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. தூண் விழவில்லை. சற்றுச் சரிந்து, ஒரு பக்கம் உடைந்து, கம்பிகள் வெளியே தெரிய நின்றது. அன்றிலிருந்து ஆட்களும் சைக்கிள்களும் மட்டும் போய்வந்தன. வண்டியில் போக வேண்டியதெல்லாம் ஊரார் 'பாதை' என்று சொல்லும் மிதவையில் ஏறி, வாவியைச் சுற்றிக்கொண்டு வந்தது. பாதை ஒருநாள் ஓடும். ஒருநாள் இராணுவம் ஓட விடாது.

மாசியில் வெள்ளாமை வெட்டு. நெல்லை உழவு இயந்திரத்தில் ஏற்றிப் பாலத்தால் கொண்டுவர விடவேண்டும் என்று ஊரார் மாவட்ட நிர்வாகம் நடக்கும் கச்சேரிக்குப் போனார்கள். கச்சேரியிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு கேள்வி வந்தது. பாலம் தாங்குமா, தாங்காதா?

அவள் பாலத்தை அளந்தாள். தளத்தின் அடியில் இருந்த வெடிப்புகளைச் சுண்ணக்கட்டியால் வரைந்துகொண்டாள். கந்தோரில் ஒரு பழைய கணினி இருந்தது. பாலத்தின் அளவுகளைக் கொடுத்தால் எங்கே எவ்வளவு வளையும், எங்கே எவ்வளவு இழுபடும் என்று கணித்துச் சொல்லும் ஒரு நிரலை வல்லிபுரம் அதில் எழுதிவைத்திருந்தார். மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்து அவள் அதன் முன்னால் உட்கார்ந்தாள்.

முதலில், உடைந்த தூண் நல்ல தூணைப் போல அசையாமல் நிற்கிறது என்று வைத்துப் பார்த்தாள். நெல் நிறைந்த இழுவைப் பெட்டியோடு உழவு இயந்திரம் தாராளமாகப் போகலாம் என்று வந்தது. அடுத்து, அந்தத் தூண் இல்லவே இல்லை என்று வைத்துப் பார்த்தாள். பாலம் தன் சொந்தப் பாரத்திலேயே முறிந்துவிழும் என்று வந்தது. ஆனால் அது விழாமல் நிற்கிறதே. அப்படியென்றால் உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. தூணை ஒரு வில்லுச்சுருள் போல வைத்து, அதன் விறைப்பை மாற்றி மாற்றிக் கொடுத்தாள். கொஞ்சம் விறைப்பாக வைத்தால் போகலாம் என்றது. கொஞ்சம் தளர்த்தினால் போகக்கூடாது என்றது. அவள் எதை நினைத்துக்கொண்டு கேட்டாளோ அதற்கு ஏற்றபடி அது பதில் சொன்னது. கையாலும் போட்டுப் பார்த்தாள். அங்கேயும் அதே இடத்தில் வந்து நின்றது.

தாளை மேசையின் மறுபக்கம் தள்ளிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, பட்டினத்தில் வெளிநாட்டுக்குக் கதைக்கும் தொலைபேசிக் கடைக்குப் போனாள்.

"வல்லி அண்ணன், நான் சுந்தரி."

"சுந்தரியா! என்னகா, சுகமா இரிக்கியா? அங்க ஏதும் பிரச்சினையா?"

"ஒண்டுமில்ல. ஒரு பாலம்."

பாலத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் அவருடைய குரல் மாறியது. "நில்லு நில்லு, கடதாசி எடுக்கிறன்" என்றார். அடிக்கம்பி எத்தனை என்று கேட்டார். வெடிப்பு நேராகப் போகிறதா சரிவாகப் போகிறதா என்று கேட்டார். இவள் சொல்லச் சொல்ல மறுமுனையில் பேனை ஓடும் சத்தம் கேட்பது போல இருந்தது. ஒரு நிமிடம், வல்லிபுரம் மேசைக்கு எதிரே இருக்கிறார் என்றே நினைத்துவிட்டாள்.

பிறகு அவருடைய கேள்விகள் நின்றன.

"அண்ணன்?"

"சுந்தரி, நான் இஞ்ச இறைச்சி பெட்டியில அடைக்கிற இடத்தில வேலை செய்யிறன். உனக்குச் சொல்லல்ல. நாலு வருசமாக் கணக்குத் தொடல்ல. இப்ப நான் ஓம் எண்டு சொன்னா நீ அதைப் பிடிச்சிக்கொண்டு கையெழுத்து வெச்சிருவாய். என்ட ஓமை நம்பாத."

"சும்மா உங்களுக்கு எப்பிடித் தெரியுது எண்டு சொல்லுங்க."

"நான் அந்தத் தூணக் காணல்லியே சுந்தரி."

அதற்குமேல் அவர் அவளுடைய வீட்டையும் தங்கையையும் பற்றி விசாரித்தார். அவள் பதில் சொன்னாள். தொலைபேசியை வைத்துவிட்டு வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது. கடைத்தெருவில் ஆட்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். அவளுடைய பெயரை யாரும் கூப்பிடவில்லை. ஊரில் எல்லாருக்கும் அவள் மிஸ்தான்.

அன்று சைக்கிளை உருட்டிக்கொண்டு வாவிக்கரையோடு நடந்தபோது அவளுக்கு ஒன்று தெளிவாகியது. தூணின் விறைப்பு எவ்வளவு என்று தாளிலோ கணினியிலோ கண்டுபிடிக்க முடியாது. தூணில் பாரத்தை வைத்து, அது எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

சொல்வது சுலபம். தொன் கணக்கான பாரத்துக்கு எங்கே போவது? மணல்மூட்டை என்றால், நடுவில் ஏதும் பிசகினால் சட்டென்று இறக்க முடியாது. தண்ணீர் நல்லது. வெற்றுப் பீப்பாக்களை உருட்டிக்கொண்டு போய்ப் பாலத்தில் நிறுத்தி, வாவித் தண்ணீரை வாளியால் மொண்டு ஊற்றலாம். பயம் வந்தால் கவிழ்த்துவிடலாம். பாலம் இறங்குவதை அளக்கும் நுட்பமான கருவி கந்தோரில் முன்பு ஒன்று இருந்தது, இப்போது இல்லை. அவள் ஒரு தென்னோலை ஈர்க்கை எடுத்தாள். ஒரு முனைக்குப் பக்கத்தில் குண்டூசியைக் குத்திப் பலகையில் பொருத்தினாள். பாலத்தைத் தொடும் குறுகிய பக்கம் ஒரு மில்லிமீற்றர் அசைந்தால் நீண்ட பக்கம் பத்து மில்லிமீற்றர் அசையும். பலகையில் கோடுகளைக் கீறினாள். காற்று ஈர்க்கை ஆட்டாமல் இருக்கப் பிஸ்கட் தகரம் ஒன்றைக் குறுக்கே வெட்டி மறைப்பாக வைத்தாள். அப்படி இரண்டு செய்தாள்.

பலகைகளைத் தாங்க, பாலத்தைத் தொடாமல் சேற்றில் ஊன்றிய கம்பங்கள் வேண்டும். நாவல்முனையில் வலைபோடும் கோணாமலை தன் தோணியில் வந்து ஊன்றிக் கொடுத்தார். ஒன்று உடைந்த தூணுக்குப் பக்கத்தில். மற்றது நடுத்தளத்தின் கீழே.

பீப்பாக்களை ஊரார் கொண்டுவந்தார்கள். எல்லாரிலும் முன்னால் நின்றவன் இளையதம்பி. வட்டையில் பெரிய வயல்காரன். நாவல்முனையில் உழவு இயந்திரம் வைத்திருந்த இரண்டு பேரில் ஒருவன். மனைவி செத்துப்போன பின் யாரோடும் அதிகம் பேசாதவன் என்று கோணாமலை சொன்னார். அன்று அவன் பேசினான்.

"இதெல்லாம் என்னத்துக்கு மிஸ்? மெசினைக் கொண்டு வாறன். ஒருக்கா ஓட்டிப் பாத்தா விளங்கிருமே."

"விழுந்தா?"

"விழுந்தா நான்தானே."

"நீங்க மட்டுமில்ல" என்றாள் அவள். "பாலமும்."

சோதனை நடக்கும்போது அவள் பாலத்துக்குக் கீழே தோணியில் இருந்தாள். கோணாமலையைக் கரையில் இறங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தோணியைக் கம்பத்தில் கட்டிக்கொண்டாள். மேலே பாலத்தில் ஊர் முழுவதும் சத்தமாக இருந்தது. வாளிகள் மோதின, பெண்கள் சிரித்தார்கள், காவலரண் சிப்பாய் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். கீழே நிழலும் தண்ணீரும்தான். தலைக்கு மேலே கையெட்டும் உயரத்தில் அத்தனை பாரம்.

பீப்பாக்களின் முதல் பங்கு நிறைந்தது. இரண்டு ஈர்க்குகளும் மெல்ல அசைந்து நின்றன. கோட்டைக் குறித்துக்கொண்டாள். இரண்டாம் பங்கு. நடுத்தளத்தின் ஈர்க்கு கணக்கில் வந்த அளவுக்குக் கிட்டத்தட்ட அசைந்து நின்றது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெடிப்புகளைப் பார்த்து அவள் பயந்த தளம் நன்றாகத்தான் இருந்தது.

தூணின் ஈர்க்கு நிற்கவில்லை.

"ஊத்தாதீங்க!" என்று கத்தினாள். மேலே வாளிச் சத்தம் நின்றது. ஒரு சொட்டுப் பாரமும் கூடவில்லை. ஆனாலும் ஈர்க்கு நகர்ந்துகொண்டே இருந்தது. அவ்வளவு மெதுவாக, கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால்தான் நகர்ந்தது தெரியும். உடைந்தது தூண் மட்டுமில்லை என்று அவளுக்கு விளங்கியது. தூணுக்குக் கீழே, வெடி கலக்கிவிட்ட சேற்றில், பிடிமானம் இல்லை. பாரம் நின்றால் தூண் இறங்கும், இறங்கிக்கொண்டே இருக்கும். இது வில்லுச்சுருளே இல்லை. அவள் கணினியில் கொடுத்துப் பார்த்த ஓர் எண்ணும் இதற்குப் பொருந்தாது.

"கவிழ்த்து விடுங்க. எல்லாத்தையும்."

பாலத்தின் இரண்டு பக்கமும் தண்ணீர் கொட்டியது. நடுத்தளத்தின் ஈர்க்கு பழைய கோட்டுக்குத் திரும்பி வந்தது. தூணின் ஈர்க்கு நின்ற இடத்திலேயே நின்றது.

கரையேறி அவள் சொன்னாள். ஆட்கள் போகலாம். சைக்கிள், மோட்டார் சைக்கிள், ஓட்டோ ஒவ்வொன்றாகப் போகலாம். உழவு இயந்திரம் கூடாது. மாரியில் தண்ணீர் ஏறினால் ஒருவரும் போகக்கூடாது. வெள்ளம் எந்த மட்டத்துக்கு வந்தால் மூட வேண்டும் என்று நல்ல தூணில் சிவப்பு வர்ணத்தால் கோடு போட்டாள்.

யாரும் சண்டை பிடிக்கவில்லை. பீப்பாக்களை உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. மோர் கொண்டுவந்திருந்த ஒரு பெண் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

வெட்டுத் தொடங்கி ஒரு கிழமைக்குப் பிறகு கோணாமலை கந்தோருக்கு வந்தார். கதிரையில் உட்காராமல் வாசலிலேயே நின்றார்.

"மகள், உனக்குச் சொல்லாம இரிக்க ஏலாது. இளையதம்பி விடியப்புறம் மெசினைக் கொண்டு பாலத்தால வந்திட்டான். பெட்டி நிறைய நெல்லு."

அவள் எழுந்துவிட்டாள். "பாலம்?"

"நிக்கிது. ஊரெல்லாம் சிரிக்கிறானுகள். இஞ்சினியருக்குப் பயம் எண்டு."

அன்றே போனாள். இளையதம்பி தெருவோரத்தில் இயந்திரத்தை நிறுத்தி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் இறக்குவதை நிறுத்தவில்லை.

"விழல்லியே மிஸ்."

"விழல்ல. என்னோட தோணிக்கு வாங்க."

"எனக்கு வேலை கிடக்கு."

"எனக்கு ஒருத்தரும் இல்ல, கூட வந்து பாக்க" என்றாள். சொல்ல நினைத்தது வேறு. வாயில் வந்தது இது. அவன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான்.

கம்பங்கள் ஊன்றியபடியே இருந்தன. பலகையைப் பழைய ஆணியில் மாட்டி, ஈர்க்கைத் தூணில் இருந்த அடையாளத்தில் பொருத்தினாள். ஈர்க்கு கோடுகளை எல்லாம் தாண்டிப் பலகையின் விளிம்புக்கே போய்விட்டது.  சோதனையன்று எங்கே நின்றது என்று மட்டும் பென்சிலால் தொட்டுக் காட்டினாள்.

இளையதம்பி குனிந்து பார்த்தான். ஈர்க்கைப் பார்த்தான், கம்பத்தைப் பார்த்தான். கம்பம் ஆடுகிறதா என்று கையால் அசைத்துப் பார்த்தான், அது ஆடவில்லை. தூணின் தலையில் தளம் உட்காரும் இடத்துக்குக் கையை நீட்டி விரலை விட்டுப் பார்த்தான். முன்பு ஒட்டியிருந்த ஒரு பக்க விளிம்பில் விரல் உள்ளே போனது.

"இது நான் வந்ததாலயா?"

"ஓம்."

"இன்னொருக்கா வந்தா?"

"விழலாம். விழாமலும் போகலாம். எத்தினையாவது தரம் எண்டு எனக்குச் சொல்லத் தெரியாது. ஒருநாள் விழும். அண்டைக்கு மேல ஆர் நிப்பாங்களோ."

அவன் விரலைச் சாரத்தில் துடைத்துக்கொண்டான். அலை தோணியின் பக்கத்தில் தட்டிக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் நீங்க ஒராள்தான் பாக்கிறீங்களா மிஸ்?"

"ஓம்."

"கணக்குப் பிழைச்சா சொல்ல ஆளில்லையா?"

"இருந்தார். போயிட்டார்."

இளையதம்பி மறுபடியும் குனிந்தான். இந்த முறை பலகைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து, பென்சில் அடையாளத்திலிருந்து ஈர்க்கின் நுனி வரை ஒவ்வொரு கோடாக வாய்க்குள் எண்ணினான். எண்ணி முடித்து நிமிர்ந்தான்.

"எனக்கும் அப்பிடித்தான் தெரியுது" என்றான்.

பாலசுந்தரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவனுக்கு இயக்கவியலும் தெரியாது, கொங்கிரீட்டும் தெரியாது. ஆனால் நான்கு வருடத்தில் அவள் கண்டதை அவளுக்குப் பிறகு இன்னொரு ஆள் கண்டு, ஓம் என்று சொன்னது அன்றுதான்.

அதற்காக அவன் அவளோடு சிநேகமாகிவிடவில்லை. மிச்ச நெல்லைப் பாதையில் ஏற்றிச் சுற்றிக்கொண்டு வந்தான். இடையில் பாதை ஓடாத நாட்களில் மழை பெய்து சில மூட்டைகள் முளைத்துவிட்டன. அவளைத் தெருவில் கண்டால் தலையை ஆட்டிவிட்டுப் போவான், அவ்வளவுதான். ஆனால் பாலத்தின் இரண்டு முனையிலும் தென்னங்குற்றிகளை ஊன்றி ஓட்டோ மட்டும் நுழையும் அளவுக்கு ஒடுக்கிவிட்டவன் அவன்தான். மற்ற இயந்திரக்காரன் அதைப் பிடுங்க வந்தபோது அவன் தடுத்துச் சண்டை பிடித்தான் என்றும் கேள்விப்பட்டாள்.

புதிய தூணுக்கு அவள் கேட்ட சீமெந்தும் கம்பியும் வரவில்லை. போர்க்காலத்தில் அவை தடைசெய்யப்பட்ட பொருட்கள். அனுமதி ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டிருந்தது. வருடம் ஓடியது. மாலையில் வீட்டுக்கு வந்து விளக்கேற்றிய பின், பகல் முழுவதும் தன் குரலையே கேட்கவில்லை என்பது சில நாட்களில் அவளுக்கு நினைவு வரும். அப்போது அடுப்படியில் நின்று எதையாவது உரத்துச் சொல்வாள். "உப்பு முடிஞ்சிட்டு" என்பாள். "நாளைக்கு வாங்கணும்."

மார்கழியில் மழை விடாமல் பெய்தது. வாவி நிறைந்து கரைகளைத் தாண்டியது. ஒருநாள் பத்து மணியளவில், இடுப்புவரை நனைந்த இளையதம்பி கந்தோர் வாசலில் வந்து நின்றான்.

"விழுந்திட்டு மிஸ்."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "ஆராவது?"

"ஒருத்தருமில்ல. தண்ணி சிவப்புக் கோட்டுக்கு வந்ததோட முந்தநாளே கயிறு கட்டி மூடிட்டம்."

"ஒருத்தரும் இல்லையா? நல்லாத் தெரியுமா?"

"நான் கரையிலதானே நிண்டன். ஒரு நாய் கூட இல்ல." அவன் மூச்சு வாங்கினான். "முதல்ல தூண் நேரா உள்ள போச்சு. சரியவே இல்ல. மறுகாதான் தளம் முறிஞ்சிச்சு. நல்ல தூணுக்கு மேல."

அவள் சொல்லியிருந்தால் அப்படியேதான் சொல்லியிருப்பாள். உடைந்த தூண் இறங்க இறங்க, அது விட்ட பாரமெல்லாம் நல்ல தூணின் தலையில் ஏறும். முதலில் அங்கேதான் முறிய வேண்டும். அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். குடித்துவிட்டு அவன் போனான். அவன் போன பிறகு, தான் சரியாகச் சொன்னோம் என்று மனம் நிறையும் என எதிர்பார்த்தாள். நிறையவில்லை. தன் கணக்கு எங்கோ பிழைத்து, அந்தப் பாலம் இன்னும் முப்பது வருடம் நின்றுவிட வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டிருந்தாள் என்பதும் அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டு அழுதாள்.

மழை விட்டதும் அளக்கப் போனாள். பாலத்தில் மிச்சம் நின்றது தெருப்பக்கத் தளமும் ஒரு தூணும். தற்காலிகமாக மரத்தால் ஒரு நடைபாலமாவது போட வேண்டும். எவ்வளவு நீளம் என்று தெரிய வேண்டும். நின்ற தளத்தின் முதல் முனையில் அளவு நாடாவின் வளையத்தைக் கல்லால் அழுத்தி வைத்துவிட்டு நடந்தாள். பாதி தூரம் போகும்போது கல் நழுவியது. நாடா சுருண்டு காலடிக்கு வந்தது. திரும்பிப் போய் மறுபடியும் வைத்தாள். மறுபடியும் நழுவியது.

மிதவைப் பாதையில் ஊருக்குத் திரும்புவதற்காகத் தலையில் மரவள்ளிக் கூடையோடு ஒரு பெண் அந்தப் பக்கம் வந்தாள். ஆச்சிப்பிள்ளை என்று பெயர். சோதனையன்று வாளி தூக்கியவர்களில் ஒருத்தி. சிறிது நேரம் நின்று பார்த்தாள். கூடையை இறக்கி வைத்தாள்.

"தா தங்கச்சி" என்று வளையத்தைக் கையில் வாங்கிக்கொண்டு குந்தினாள். "எந்த இடத்தில பிடிக்க?"

"இந்தக் கோட்டில. அசையாம."

"பிடிச்சிட்டன். நீ போ."

பாலசுந்தரி நாடாவை விரித்துக்கொண்டு முறிந்த விளிம்பை நோக்கி நடந்தாள்.